பதினைந்து வருடப் பழக்கம்

பச்சை வேர்க்கடலையை உரிக்கும்போது விரலில் ஈரமண் ஒட்டுமே, அந்த வாசனை வந்தாலே எனக்கு வயிற்றில் பயமும் உதட்டில் சிரிப்பும் சேர்ந்தே வரும்.

மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. உங்களிடம் இதுவரை சொன்னதில்லை, தோழிகளே. நாளைக்கு இந்த நோட்டைக் கைமாற்றிப் படித்துவிட்டு ஓசையில்லாமல் திருப்பிக் கொடுங்கள். அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் விளக்கைத் தணித்துத் தணித்து எழுதுகிறேன்... எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. அப்பா அப்போதும் இதே ஆம்பூரில், தோல் பதனிடும் இதே ஷாப்பில் கணக்கு எழுதும் ரைட்டர்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஆவாரம் பட்டை வண்டிகள் வரிசையாக நிற்கும். தோலைப் பதப்படுத்த அந்தப் பட்டையைத்தான் இடித்து ஊறப்போடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்படி ஒரு வண்டியிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். தலையெல்லாம் பட்டைத்தூள். என் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்தாள்.

"பாப்பா, எழுதத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஒடுகத்தூர்லேர்ந்து வர்றேன், பேரு குப்பம்மா. கடலை புடுங்கி முடிஞ்சிச்சு, இனிமே அங்க வேலை இல்ல. இங்க பட்டை இடிக்க ஆள் எடுக்கறாங்களாம். தெரிஞ்சவங்க காயிதம் குடுத்தாதான் சேப்பாங்களாம். எனக்கு இந்த ஊர்ல யாரைத் தெரியும்? நாளைக்கு மத்தியானம் வண்டி திரும்புது. வேலை இல்லன்னா அதுலயே போய்ட வேண்டியதுதான்."

வெளியாருக்கு ஒரு வரி எழுதினாலும் மறுநாள் முதல் படிப்பு கிடையாது என்பது அம்மாவின் சட்டம். "பொட்டப்புள்ள காயிதம் எழுதுதுன்னா ஊரு சும்மா இருக்குமா?" என்பாள்.

நான் யோசிப்பதற்குள் குப்பம்மா ஒரு கை கடலையை என் பாவாடையில் கொட்டிவிட்டாள். நானும் இரண்டைத் தின்றுவிட்டேன். தின்ற பிறகு எப்படி மறுப்பது?

பள்ளிக்கூடத்தில் சிபாரிசுக் கடிதத்துக்கு ஒரு மாதிரி எழுதிப் போட்டிருந்தார்களே, நினைவிருக்கிறதா? அதை அப்படியே எழுதினேன். 'இன்னார்' என்றிருந்த இடத்தில் குப்பம்மாள் என்று போட்டேன். கீழே என் பெயரையும் போட்டேன். அதற்குமேல் எதையும் மாற்றத் தோன்றவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். தூக்குச்சட்டியைக் கீழே வைக்கும்போது மேஸ்திரி இப்ராஹிம் பாய் உள்ளே வந்தார். பின்னாலேயே குப்பம்மா. மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியாது, எந்தக் காகிதம் வந்தாலும் அப்பாதான் படிக்க வேண்டும் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

"ரைட்டரே, இந்தம்மா காயிதம் கொண்டாந்திருக்கு. இன்னா போட்டிருக்குன்னு பாருங்க."

அப்பா வாங்கி உரக்கப் படித்தார். "இதைக் கொண்டுவரும் குப்பம்மாளைப் பதினைந்து வருடங்களாக எனக்கு நன்றாகத் தெரியும்..." குரல் மெதுவானது. "நாணயமானவர். இத்தொழிலில் கைதேர்ந்தவர். இப்படிக்கு..." நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "ஞானம்மாள்."

"யாரு அது?"

"என் பொண்ணு. இதோ நிக்கிறா."

மேஸ்திரி என்னை உச்சி முதல் பாதம் வரை அளந்தார். தோல் அடுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "பொறக்கறதுக்கு முன்னாடியே தோஸ்த்து போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. படிப்பு இன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"கையைக் காட்டும்மா" என்றார் மேஸ்திரி. பட்டை இடிப்பவர்கள் கை மணிக்கட்டு வரை பழுப்பேறியிருக்கும். எந்தச் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. குப்பம்மாவின் கையில் கடலைக்கொல்லை மண்தான் இருந்தது.

"இதுவா கைதேர்ந்த கை? நெஜத்தைச் சொல்லு. இந்தப் பொண்ணை எப்பலேர்ந்து தெரியும்?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து" என்றாள் அவள். "அதுல இன்னா எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது பாய். பட்டை இடிச்சதில்ல. நெல்லு இடிச்சிருக்கேன். உள்ள கெடக்கறது நெல்லா பட்டையான்னு உலக்கைக்கு இன்னா தெரியும்?"

மேஸ்திரி தாடியைத் தடவினார். "பொழுது சாயற வரைக்கும் இடி. அப்பறம் பேசலாம்."

அப்பா என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. "இங்கயே உக்காரு" என்றார், அவ்வளவுதான். மத்தியானம் வண்டிக்காரர் வாசலில் வந்து ஒரு குரல் கொடுத்தார். குப்பம்மா உலக்கையை நிறுத்தவில்லை. வண்டி போய்விட்டது.

சாயங்காலம் மேஸ்திரி அவள் இடித்த தூளை அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டுப் பார்த்தார்.

"காயிதம் பொய்யி. ஆளு நெஜம். நாளையிலேர்ந்து வந்துடு."

வீடு திரும்பும்போது அப்பா எனக்கு முன்னால் நடந்தார். ரயில்வே கேட் தாண்டியதும் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து போனேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஏண்டி... உன்னையே எனக்குப் பதினோரு வருஷமாத்தானே தெரியும்?"

"இன்னா ரெண்டு பேரும் சிரிச்சினு வர்றீங்க?" என்று அம்மா கேட்டாள். "ஷாப்புல ஒரு பேச்சு" என்று அப்பா கை கழுவப் போய்விட்டார். திங்கட்கிழமை வழக்கம்போல் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

இப்போது குப்பம்மாவின் கை முழங்கை வரை பழுப்பு. வேலை தேடி யார் வந்து நின்றாலும் என்னிடம் கூட்டிவந்துவிடுகிறாள். முன்பின் தெரியாதவருக்கு நாம் சிபாரிசு எழுதலாமா என்று ஒருமுறை கேட்டேன். "நீ பார்த்ததை எழுதேன் பாப்பா, பாக்காததை ஏன் எழுதற?" என்றாள்.

இன்று சாயங்காலமும் ஒருத்தியைக் கூட்டி வந்தாள். நாட்றம்பள்ளிக்காரி, பேர் முனியம்மா. "யாரு இது?" என்றேன். "எனக்கென்ன தெரியும்? கெணத்தாண்ட பார்த்தேன். சண்டை போடாம தன் மொறை வர்ற வரைக்கும் நின்னா. நம்மூர்ல அது சாமானியமா?"

அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கடிதம் என் புத்தகத்துக்குள் இருக்கிறது. நாளைக் காலையில் அப்பா அதை உரக்கப் படிப்பார், இந்த முறை குரல் தடுமாறாமல்:

"இதைக் கொண்டுவரும் முனியம்மாளை நேற்று மாலை முதல் எனக்குத் தெரியும்."