வீங்காத ஆறாம் நம்பர்

அரை மாத்திரையை ஒப்புக்கொள்ள அரை மணி நேரம் எடுத்துக்கொண்டவன் நான். அதையும் நானாக ஒப்புக்கொள்ளவில்லை. என் இடது கை காட்டிக்கொடுத்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. போர்ட் பிளேரில் ஒரு அரசு அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேன் வேலை, ஊரை ஒட்டிய கராச்சர்மாவில் குடித்தனம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்கேல் இருக்கும். எதையும் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பேன் என்ற கர்வமும் கூடவே இருக்கும்.

எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை, சாப்பிட்ட சற்று நேரத்தில் உதடு தடித்து, கண் மூடிப்போய், மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஒருமுறை பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பத்தின் விருந்தில். அடுத்தது எங்கள் வீட்டிலேயே. இரண்டு நாளும் சாப்பாட்டில் இறால், வேர்க்கடலை, முட்டை மூன்றும் இருந்தன. இரண்டாம் முறை ஜீப் பிடித்து ஆஸ்பத்திரி சேர்வதற்குள் அவள் நகமெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. அதன்பிறகு அவள் வாயில் எதைப் போட்டாலும் நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சைக் கவனிப்போம்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த மலையாளி டாக்டரம்மா, தோலில் குத்திப் பார்த்தால் காரணம் தெரியும் என்றார். அதற்கான மருந்துக் குப்பிகள் மெயின்லேண்டிலிருந்து ஐஸ் பெட்டியில், கப்பலில் வந்தன. நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒரு வாரத்துக்கு அரிப்பு மாத்திரையைத் தொடக்கூடாது, அது தோலின் வீக்கத்தையும் அமுக்கிவிடும்.

ஆறு நாள் தொடவில்லை. சோதனைக்கு முதல் நாள் மாலை, மகள் கடற்கரையில் மணல் ஈ கடித்த காலைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு அழுதாள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் ஒரு தடித்த நாவலின் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். அரை மாத்திரையைப் பொடித்துச் சர்க்கரையில் கலந்து கொடுத்தேன். பாசத்தால் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அத்தியாயத்தை நிம்மதியாக முடித்தேன் என்பதும் உண்மை. அரைதானே, அது கணக்கில் வராது என்று தீர்ப்பும் நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் டாக்டரம்மா மகளின் முன்கையில் பேனாவால் ஒன்று முதல் ஆறு வரை எழுதினார். இறால், வேர்க்கடலை, முட்டை, வீட்டுத் தூசி, இன்னும் இரண்டு என்று ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு, அதன்மேல் ஊசி முனையால் லேசாக ஒரு குத்து. ஏதாவது ஆகிவிட்டால் போட வேண்டிய ஊசி பக்கத்தில் தயாராக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழிந்தது. கையில் ஒன்றுமே எழும்பவில்லை. நான் ஸ்கேலை எடுத்து ஆறு இடத்திலும் வைத்துப் பார்த்து, "பூஜ்யம் டாக்டர், எல்லாம் பூஜ்யம்" என்றேன்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னைக்கு இறால் வாங்கி மஞ்சள் தடவி வச்சிருக்கேன். ஏங்கிப் போயிருக்கா டாக்டர். கொடுக்கலாமில்லையா?"

டாக்டரம்மா ஆறாம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணாம் நம்பர் வெறும் உப்புத் தண்ணி, அது வீங்கக் கூடாது. ஆறாம் நம்பர் யார் கையில வச்சாலும், கொசு கடிச்ச மாதிரி வீங்கணும். அதுவே வீங்கலைன்னா மத்ததை நம்ப முடியாது. தவா, அதான் மாத்திரை, ஏதாச்சும் கொடுத்தீங்களா?"

"அந்த மாத்திரைப் பக்கமே போகலை டாக்டர்" என்றாள் மனைவி, சத்தியமாக. நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன்.

"அச்சா. அப்ப கப்பல்ல வர்றப்ப மருந்து கெட்டுப் போயிருக்கும். சார், உங்க கையைக் கொடுங்க."

என் இடது முன்கையில் அதே ஆறாம் குப்பியிலிருந்து ஒரு சொட்டு, ஒரு குத்து. வீங்கினால் மருந்து நல்லது. அப்படியென்றால் குழந்தைக்கு யாரோ மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வாழ்க்கையில் அவ்வளவு உருக்கமாக எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை, என் கை வீங்காமல் இருக்கட்டும் என்று. வேண்டிக்கொண்டே, வீட்டில் மஞ்சள் தடவிக் காத்திருக்கும் இறாலையும் நினைத்தேன். அந்த நீல நகங்கள் கண்முன் வந்தன. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கையில் அரிப்பு ஆரம்பித்தது. சொறியவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. பத்து நிமிடத்தில் வெள்ளையாக ஒரு மேடு, சுற்றிலும் சிவப்பு. "அளந்து சொல்லுங்க சார்" என்றார் டாக்டரம்மா. அளந்தேன். ஏழு மில்லிமீட்டர்.

"அரை மாத்திரை... நேத்து சாயங்காலம்" என்றேன். மனைவி என்னைப் பார்க்கவில்லை. மகளை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். அன்றைய இறால் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

அடுத்த வாரம் மறுபடி போனோம். இந்த முறை ஆறாம் எண் ஒழுங்காக வீங்கியது. உப்புத் தண்ணீர் வீங்கவில்லை. இறால் சொட்டு வைத்த இடத்தில் பெரிய தடிப்பு. நான் இருபது மில்லிமீட்டர் என்று அலறினேன். "சிவப்பைச் சேர்க்காதீங்க, மேட்டை மட்டும் அளங்க" என்றார். எட்டு. வேர்க்கடலையும் முட்டையும் ஒன்றும் செய்யவில்லை. வீட்டுத் தூசிக்கு நான்கு. தூசிக்கு என்ன செய்வது என்று நான் பதறியபோது, "தூசியால இவளுக்கு எப்பவாச்சும் தொந்தரவு வந்திருக்கா? இல்லையே. அளவை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது. இறாலுக்கு அளவும் இருக்கு, நடந்த கதையும் இருக்கு. அதை நிறுத்துங்க, போதும்" என்றார்.

மகள் அதன்பிறகு இறால் தொடவில்லை, நகம் நீலமாகவுமில்லை. அளக்கத் தெரிந்தவன் என்ற என் கர்வம் மட்டும் அந்த அறையோடு போய்விட்டது. மாத்திரை டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் இன்றும் என் இடது கை லேசாக அரிக்கிறது.

ஒரு வருடம் கழித்து, மாற்றலாகிப் போன டாக்டரம்மாவை வழியனுப்பக் கப்பல் ஜெட்டிக்குப் போயிருந்தோம். "வாய் மறைச்சாலும் என் கை அன்னைக்கு உண்மையைச் சொல்லிடுச்சே டாக்டர்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "அது யார் கையா இருந்தாலும் வீங்கும் சார்."