மழைக்காலக் கடலும் சாரின் வெள்ளை மூக்கும்

ஆசிட்டில் ஊறிய பிளாஸ்டிக் பாட்டில்களைக் கழுவிக் கழுவி, கையுறையைக் கழற்றிய பிறகும் விரலில் அந்த நெடி இருக்கும்...

எம்.எஸ்ஸி. முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை. திருவனந்தபுரம் கரையோரக் கடல்நீரில் துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களும் நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகளும் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகின்றன என்று பார்க்க வேண்டும்.

வலியசாலை வீட்டில் அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "ஏண்டி, உப்புத் தண்ணி அள்ளிண்டு வரதுக்கா இவ்ளோ படிச்சே?"

எங்கள் ப்ராஜெக்ட் சார் மகா கறார். தண்ணீரில் உலோகம் ஒட்டிவிடுமாம்; படகில் வளையல் கூடாது, வாட்ச் கூடாது. லேப் சீனியர் பீனா சேச்சியின் ஹேர்பின்னுக்கும் தடை. பாட்டில் மூடியைத் திறப்பதுகூட அவரேதான்.

கோடைத் தண்ணீர் ஒழுங்காக முடிந்தது. மழைக்காலத்தில், சற்று வெயிலடித்த ஒரு நாள் எடுத்துவந்ததைச் சோதித்தால்... துத்தநாகம் எகிறிக் கிடந்தது. ஒப்பிடுவதற்காகச் சுத்தமான நீர் ஊற்றிக் கொண்டுபோன பாட்டிலிலும் அதே கதை! அப்படியென்றால் கோளாறு கடலில் இல்லை, எங்களிடம்.

மழைக்கால அளவு இல்லாவிட்டால் ப்ராஜெக்ட் நீளாது. எனக்கும் சேச்சிக்கும் வேலை போய்விடும்.

படகில் எடுத்த போட்டோவைச் சேச்சி உற்றுப் பார்த்தார். "சாரே, மூக்குல எந்தா வெள்ளையா?"

"சன்ஸ்கிரீன்... புதுசா வாங்கினது" என்றபடி சார் பையிலிருந்து ட்யூபை எடுத்துப் படித்தார். ஜிங்க் ஆக்சைடு! துத்தநாகமேதான். அதைத் தடவிய கையால்தான் மூடிகளைத் திறந்திருக்கிறார்.

முதலில் சிரித்தவரும் அவரே.

மறுபடி போகலாமென்றால் கடல் விடவில்லை. தினமும் போன் செய்தால் படகோட்டி ஸ்டீபன் அண்ணன், "இன்னைக்கு வேண்டா மோளே, கடல் சரியில்ல" என்பார். ஒரு காலை அவரே கூப்பிட்டார். "வேகம் வா, கடல் அடங்கியிருக்கு!"

சார் மூக்கைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து, கையைப் பின்னால் கட்டி ஓரமாக நின்றார். படகு ஆடியதில் எனக்குக் குமட்டியது. சேச்சி கத்தினார்: "அந்தப் பக்கம் கேட்டோ! இங்க வாந்தி எடுத்தா தண்ணில சத்து கூடிரும்!"

லேபில் சோதித்தால், துத்தநாகம் இறங்கியிருந்தது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கோடையைவிட ஏறியிருந்தன. அடியிலிருந்து சத்து நிறைந்த குளிர்ந்த நீர் மேலே வரும் காலமல்லவா... அன்று கிழக்கேகோட்டையில் சார் செலவில் பருப்பு வடையும் டீயும். ப்ராஜெக்டும் நீண்டது.

இப்போது கடலில் மிதக்கும் கருவியே அளவுகளை அனுப்பிவிடுகிறது. மழை தொடங்கினால் என் கம்ப்யூட்டரில் நைட்ரேட் கோடு மெல்ல ஏறும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேச்சிக்கு அனுப்புவேன். போன வாரம் பதில் வந்தது:

"நல்லா இருக்கு. நீ நனைஞ்சியா?"

இல்லை சேச்சி... ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கிறேன்.