படகில்லாத கடல்

எங்கள் ஆராய்ச்சிக் கைடுக்குப் படகு என்றாலே ஆகாது. சுனாமி வந்துபோன சில வருடங்களில் கடலூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைமாடியில் ரேடார் வைத்து அலைகளைப் படமெடுத்தோம். அந்தப் படங்களைச் சிதம்பரத்து ஆய்வகத்தில் ஃபூரியர் என்கிற கணக்கு முறையில் போட்டால் அலையின் நீளம், திசை எல்லாம் கிடைக்கும். அலைகள் உழுத வயல் மாதிரி வரிவரியாக விழும். நடுவில் மீன்பிடிப் படகுகள் வெள்ளைப் புள்ளிகளாக வந்து கணக்கைக் கெடுக்கும். "இந்தக் குப்பைய மொதல்ல தூக்குங்க" என்பார், மீனவர்கள் இவருடைய ஆராய்ச்சியைக் கெடுக்கவே கடலுக்குக் கிளம்பி வந்த மாதிரி.

தூக்கிக் காட்டியவன் என்னோடு ஆராய்ச்சி செய்த நண்பன், தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. காட்டுமன்னார்கோயில் வயற்காட்டில் வளர்ந்த எனக்கு அந்தப் படத்தில் படகும் நுரையும் ஒன்றுதான். அவனுக்கு ஓடுகிற படகு, வலை விட்டு நிற்கிற படகு எல்லாம் அத்துப்படி. அத்தனையையும் கண்டுபிடித்துத் துடைக்கிற புரோகிராம் எழுதினான். ஒரு படகு தப்பாது. துடைத்த படம் போதும், மூலப்படம் இடத்தை அடைக்கிறது, தானாகவே அழியும்படி செய் என்றார் கைடு. அதையும் செய்தான்.

ஒரு ஐப்பசியில் கடலுக்குப் போன அவன் அண்ணன் திரும்பவில்லை. கரைக்குக் கொஞ்ச தூரத்தில் எஞ்சின் நின்று படகு மிதந்ததைச் சிலர் பார்த்திருந்தார்கள். அதற்குள் மழை மறைத்துவிட்டது. படகு வடக்கே புதுச்சேரிப் பக்கம் போனதா, தெற்கே பரங்கிப்பேட்டைப் பக்கமா என்று தெரிந்தால் தேடுகிறவர்கள் நேராக அங்கே போகலாம். எங்கள் ரேடார் அன்று முழுக்க ஓடியிருந்தது. மறுநாள் காலையில் அவன் பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து சேர்ந்தான். நான் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அலை மட்டுமே இருந்தது.

"இன்னொரு தபா பாரு மச்சான்" என்றான். பார்த்தேன். அவன் எழுதிய புரோகிராம் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்யும் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்?

கைடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒரு புள்ளிகூட இல்லியே, பரவால்லியே" என்று அவன் முதுகில் தட்டினார். அந்தக் கையை முறுக்கிப் போடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. தேடப் போனவர்கள் இரண்டு பக்கமும் அலைந்தார்கள். படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

அவன் ஆய்வேட்டில் அந்த நாளின் படத்தைத்தான் வைக்க வேண்டும் என்று கைடு பிடிவாதம் பிடித்தார். வேறு படம் வைக்கிறேன் என்று அவன் கெஞ்சியும் பார்த்தான். இதைவிடச் சுத்தமான படம் இருந்தால் கொண்டு வா என்று சொல்லிவிட்டார்.

வாய்மொழித் தேர்வன்று அது திரையில் வந்ததும், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆச்சரியப்பட்டார். கடலூரில் ஒரு படகுகூடக் கடலுக்குப் போகாத நாள் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்.

"எங்க அண்ணன் போயிருந்தாரு சார்" என்றான்.

தேர்வாளர் கைடைப் பார்த்தார். கைடு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த படத்தப் போடு."