சுவரேறிய கேமரா

என் முன்பற்கள் இரண்டும் கும்மிடிப்பூண்டியில் ஒரு காம்பவுண்டுச் சுவரின் அடியில் விழுந்தன. விழ வைத்தவர் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். அவர்மேல் எனக்கு ஆத்திரம் இன்னும் தீரவில்லை, தீர வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

பாய்லர் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் நான் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி. வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று படம் பிடிக்கும் கருவியைக் கேமரா என்போம். அதன் வயிற்றில் இருப்பது கதிர்வீச்சை உமிழும் இரிடியம். கவசத்தை விட்டு வெளியே வந்த இரிடியத்தைத் தொட்டால் விரல் அழுகிவிடும்.

பக்கத்துத் தொழிற்சாலையின் கேமரா பழுதாகி, எங்களுடையதைக் கேட்டார்கள். இருவருக்கும் உரிமம் உண்டு. ஆனாலும் அனுமதி வாங்கி, எச்சரிக்கைப் பலகை மாட்டிய வண்டியில் ரோட்டைச் சுற்றித்தான் அனுப்ப வேண்டும் என்றேன். வெல்டிங் ராடு, கிரைண்டர், பிரியாணிப் பொட்டலம் எல்லாம் இரண்டு தொழிற்சாலைக்கும் நடுவிலுள்ள சுவருக்கு மேலேயே கைமாறும் இடம் அது. மேனேஜர் கத்தினார்.

“செவுத்துக்கு இந்தாண்டயும் லைசன்ஸு, அந்தாண்டயும் லைசன்ஸு. நடுவுல உனுக்கு இன்னாய்யா பேஜாரு?”

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் கேமரா அறையின் பூட்டு உடைந்து கிடந்தது. ஓடினேன். கான்ட்ராக்ட் ஆள் ஒருவன் சுவரில் குதிரையேறி உட்கார்ந்திருக்க, இன்னொருவன் கேமராவை மேலே தூக்கிக்கொண்டிருந்தான். தூக்கியவனைத் தள்ளிவிட்டு, கீழே விழுந்த கேமராமேல் குப்புறப் படுத்தேன். விலாவில் உதை விழுந்தது. மேனேஜர் பைப் ரெஞ்சுடன் வந்து கேமராவை இயக்கும் சாவியைக் கேட்டார். அது என் சட்டைப் பையில் இருந்தது. மாட்டேன் என்று நிமிர்ந்தேன், ரெஞ்சு வாயில் இறங்கியது. மிச்சமிருந்த பற்களால் அவர் மணிக்கட்டைக் கவ்வினேன். செக்யூரிட்டிகள் வந்து பிரிக்கும்வரை விடவில்லை.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க ஒருவன் வந்தான். பக்கத்துத் தொழிற்சாலை வெல்டராம். அவர்களுடைய கேமரா ஆபரேட்டர் லீவில் இருந்ததால், அன்று சுவருக்கு அந்தப் பக்கம் கேமராவுக்காகக் காத்திருந்தவன் இவன்தான். இரிடியத்தைக் குழாய் வழியே வெளியே தள்ளித் திரும்ப இழுக்க எந்தக் கேபிளை மாட்டுவதாக இருந்தான் என்று கேட்டேன். அவர்களுடைய பழைய கேபிளையாம். எங்கள் கேமராவுக்கு அது சேரவே சேராது, இரிடியம் பாதியில் கழன்று குழாய்க்குள் நின்றுவிடும் என்றேன்.

“நின்னா இன்னா சார், கைய வுட்டு இஸ்துட்டிருப்பேன்” என்றான்.

சொல்லிவிட்டுச் சாத்துக்குடியை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து என் வாயில் வைத்தான். கிழிந்த உதட்டில் சாறு பட்டு எரிந்தது. எல்லாச் சுளையையும் தின்றேன்.