அவளுடைய மூன்று விதைகள்

இன்று இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி முடித்துத் திரும்பும்போது மரத்தடியில் மூன்று இறப்பர் விதைகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிள்ளைகளே, உங்கள் வயதில் இந்த விதைகளை வைத்துத்தான் நாங்கள் வகுப்பில் பேசினோம்.

நான்காம் வகுப்பில் டீச்சர் எங்களை நாலு நாலு பேராக வட்டமாக உட்கார வைத்தார். ஆளுக்கு மூன்று விதை, நடுவில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. ஒரு தடவை பேசினால் ஒரு விதையை அதில் போட வேண்டும். விதை தீர்ந்தவர் வாயை மூடிக்கொண்டு மற்றவர் பேசுவதைக் கேட்க வேண்டும். நாங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் அல்லவா, நாலு பேர் சேர்ந்தால் வேலை வாங்க ஒரு கங்காணி வேண்டும் என்று நினைத்துவிட்டோம். எங்கள் குழுவுக்கு நான் கங்காணி. இடுப்பில் கை வைத்து நின்று எல்லோரையும் விரட்டுவேன். சித்தப்பா மகளும், என் தங்கச்சி முறை, அதே குழுதான். அவள் வாயே திறக்க மாட்டாள். "பேசாத புள்ளைக்கு என்னாத்துக்குப் பள்ளிக்கூடம்? அடுத்த வருசம் தம்பியப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்கட்டும்" என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தார். எல்லா விதையும் விழுந்த குழுதான் இடைவேளைக்குப் போகலாம். அதனால் அவளுடைய மூன்றையும் நானே பிடுங்கிப் போட்டுவிடுவேன். உதவி செய்வதாகத்தான் நினைப்பு.

ஒரு நாள் டீச்சர் பார்த்துவிட்டார். "என்னா கங்காணி ஐயா, அவ பேச்சையும் நீங்களே பேசிட்டீங்களா?" மூன்றையும் எடுத்து அவள் கையில் திருப்பி வைத்தார். ஒருவர் தினமும் எட்டுக் கிலோ பால் எடுத்தால் ஒரு வாரத்துக்கு எவ்வளவு என்பது கணக்கு. ஐம்பத்தாறு என்று நான் ஏற்கனவே கத்தியிருந்தேன். மணி அடித்தது. மற்றக் குழுக்கள் ஓடின. "பேசித் தொலையேன்டி" என்று பல்லைக் கடித்தேன். டீச்சர் அவசரப்படவே இல்லை. வெகுநேரம் கழித்து ஒரு விதை சிரட்டையில் விழுந்தது.

"ஞாயித்துக்கெழம வெட்ட மாட்டாங்களே டீச்சர். நாப்பத்தெட்டு."

டீச்சர் சிரித்துக்கொண்டே பலகையில் எழுதியிருந்த ஐம்பத்தாறை அழித்தார். அன்று சாயந்தரம் நாங்கள் குடியிருந்த லயத்துக்கே வந்து சித்தியிடம் அதைச் சொன்னார். அடுத்த வருசமும் தங்கச்சி பள்ளிக்கு வந்தாள். டீச்சர்தான் மாற்றலாகிப் போய்விட்டார். நாங்கள் பழையபடி வரிசையில் உட்கார்ந்தோம்.

இப்போது என் மகளும் நாலாம் வகுப்பு. யார் எதைக் கேட்டாலும், "அவளுக்கு வெக்கம்" என்று நானே பதில் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து வந்தால் காத்திருக்கத் தெம்பு இருப்பதில்லை. இன்று மூன்று விதைகளையும் அவள் கையில் கொடுத்து, சிரட்டையை நடுவில் வைத்து, பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டேன். விதையை உருட்டிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தோள் வலி. பொறுக்காமல் நானே ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"அப்பா, ஒங்ககிட்டதான் வெத இல்லையே" என்று ஒன்றைச் சிரட்டையில் போட்டாள்.

அவள் கையில் இன்னும் இரண்டு இருக்கின்றன. களைப்பாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்திருக்கிறேன்.