சேர்ந்து விழும் வகுப்பு

சின்ன வயதில் பள்ளியில் அவளுக்கு ‘தொபுக்கடி’ என்றுதான் பெயர். வெறுந்தரையிலும் கால் தடுக்கி விழுவாள். விழுந்த சத்தத்தைவிடச் சிரிப்புச் சத்தம் பெரிதாகக் கேட்கும். அந்தத் தொபுக்கடிதான் இன்று உடற்பயிற்சி டீச்சர். தன்னைப் போலவே தடுமாறும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் பள்ளி ஹாலில் மெத்தை விரித்து வகுப்பு நடத்துகிறாள். தாழ்வான மரக்கட்டை மேல் நடப்பார்கள், ஒற்றைக் காலில் நின்று பந்து பிடிப்பார்கள். வகுப்புக்கு ஒரே சட்டம்: ஒருவர் விழுந்தால் டீச்சர் உட்பட எல்லோரும் விழ வேண்டும். நின்று சிரிக்க ஒருத்தர்கூட மிச்சம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெற்றோர் பார்க்க வந்த நாளில் தலைமையாசிரியர் டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு ஒரு நாளாவது யாரும் விழாம பாத்துக்குங்க டீச்சர். பள்ளிக்கூடத்து மானம் போயிடும்."

"விழறதுக்குத்தான் சார் வகுப்பே வெச்சிருக்கேன். மானம் போகுதுன்னா நீங்க கண்ணை மூடிக்குங்க" என்று சொல்லிவிட்டு, ஹால் கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தாள்.

முதலில் ஏறிய சிறுமி பாதிக் கட்டையிலேயே ஆட ஆரம்பித்தாள். அவளுடைய அம்மா பதறி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் சிறுமி முந்திக்கொண்டாள்.

"கையை விடும்மா. நான் விழுந்தா என்கூட விழறதுக்கு இங்க இத்தனை பேர் இருக்காங்க."