ஏழு கோலுக்கு மூன்று பயிற்றுநர்கள்

நான் கால்பந்து பற்றி வலைப்பதிவு எழுதுகிறவன். போன மாசியில் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் நாரந்தனைக்கும் நெடுந்தீவுக்கும் ஒரே நாளில் அலைந்ததற்குக் காரணமும் கால்பந்துதான். நமது இலங்கைத் தேசிய அணியின் தலைமைப் பயிற்றுநர்களை வரிசையாக எழுதிக்கொண்டு போனபோது எழுபதுகளின் கடைசியில் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டேன். வெளிநாட்டுப் பயிற்றுநர் ஒருவர் சுற்றுப்பயணத்தின் நடுவில் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். புதியவர் வருமுன் ஓர் ஆட்டம் நடந்தது. ஏழுக்குப் பூச்சியம். தோற்றது நாங்கள்தான். அந்த ஆட்டத்துக்குப் பயிற்றுநர் யார்?

பதிவில் கேட்டேன். இரண்டு தீவுகளிலிருந்து பதில் வந்தது. எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக அச்சடித்துக் கொடுப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். இறந்தவரின் பதவி அதில் ஒரு படியாவது உயராமல் இருந்ததை நான் கண்டதில்லை. நாரந்தனைத் தம்பிராசாவின் கல்வெட்டில் 'தேசிய அணியின் தலைமைப் பயிற்றுநர்' என்று இருந்தது. நயினாதீவில் இறந்த இன்னொருவரின் கல்வெட்டிலும் அதே பட்டம், அதே ஆட்டம். எனக்குத் தலை சுற்றியது.

காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறை பஸ் எடுத்தேன். பண்ணைப் பாலம் தாண்டும்போது வலப்பக்க இருக்கை நல்லது, வெயில் இடப்பக்கம் அடிக்கும் என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பக்கமும் அடித்தது. முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தது.

நாரந்தனையில் தம்பிராசாவின் மகள், பள்ளி ஆசிரியையான சுபா ரீச்சர் வாசலிலேயே நின்றார். விளையாட்டு மைதானத்துக்கு அப்பாவின் பெயரில் ஒரு வளைவு கட்டக் கனடாவிலிருந்து தம்பிமார் காசு அனுப்பியிருக்கிறார்கள். வளைவு எழும்பிவிட்டது. கல்லில் எழுத்து வெட்டுகிறவர் நாளை வருகிறார். என்ன வெட்டுவது என்பதில்தான் சண்டை.

"மைதானக் கமிட்டியிலை பாதிப்பேர் அப்பா பந்துக்குக் காத்தடிச்சவர் எண்டு சொல்லுகினம். பிழையா வெட்டினால் லண்டன் ரொறன்ரோ எல்லாம் சிரிக்கும். வெட்டாமல் விட்டால் அப்பா சொன்னது பொய்யெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. அந்தப் பயணத்திலை போன ஆக்களிலை நெடுந்தீவுப் பரமலிங்கம் ஐயா மட்டும்தான் மிச்சம். எனக்குப் போய்க் கேக்கப் பயமாக் கிடக்கு. நீங்கள் கேட்டு வந்து சொல்லுறதைத்தான் வெட்டுவம்."

வரலாறு எழுதப் போனவனிடம் உளியைக் கொடுத்த மாதிரி இருந்தது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஓட்டோ. மூவாயிரம் கேட்டார், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கினார். விஷயத்தைச் சொன்னேன். "அண்ணை, கோச் நயினாதீவு ஆள்தான். கல்வெட்டிலை கிடக்கு, நான் வாசிச்சனான்" என்றார் சாரதி. வேலணை தாண்டிப் புங்குடுதீவு வரும்வரை அவர் அந்தக் கட்சியை விடவில்லை.

ஒன்பது மணிப் படகு. கடல் ஒரு மணி நேரம். உள்ளே இருந்தால் எண்ணெய் மணம், மேலே இருந்தால் உப்புத் தண்ணீர். நான் இரண்டையும் அனுபவித்தேன். நெடுந்தீவில் காட்டுக் குதிரையும் ஆபிரிக்கப் பெருக்கு மரமும் பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் போக, நான் பவளக்கல் மதில்களுக்கிடையே பரமலிங்கம் ஐயாவின் வீட்டைத் தேடினேன். எல்லா மதிலும் ஒரே மாதிரி. ஒரே மாட்டை இரண்டு தரம் கடந்தேன்.

ஐயா கதிரையைத் தூக்கி நிழலில் போட்டு என்னை இருத்தினார். கேள்வியைக் கேட்டதும் சிரித்தார்.

"வெள்ளைக்காரன் போன பிறகு, 'நீங்கள் ரெண்டு பேரும் பாருங்கோ' எண்டு உதவிக்குப் போன எனக்கும் தம்பிராசாவுக்கும் கொழும்பிலை இருந்து ரெலிபோன் வந்தது. தம்பிராசாவுக்கு அண்டைக்குக் காய்ச்சல், ஹோட்டல் அறையிலை படுத்துக் கிடந்தவன். ரீமைப் போட்டது நான். நடுவிலை ஆளில்லாமல் விட்டதும் நான்தான். ஏழு விழுந்தது."

"அப்ப நயினாதீவுக்காரர்?"

"அவன் கோல் கீப்பர். ஏழும் அவனைத் தாண்டித்தான் போனது. செத்த பிறகு கோச்சாக்கிப் போட்டாங்கள்."

அப்படியென்றால் தம்பிராசா சொன்னது பொய்யா? அதையும் கேட்டேன்.

"அப்ப எனக்கு அடுத்த மாதம் கலியாணம். பெண்ணின்ரை தகப்பன் கரம்பொன்னிலை பெரிய பந்துப் பைத்தியம். ஏழு கோல் வாங்கினவனுக்குப் பெட்டை தரமாட்டார் எண்டு நான் பிளேனுக்குள்ளை அழுதனான். கட்டுநாயக்காவிலை இறங்கினால் பேப்பர்க்காரர் நிக்கிறாங்கள். ஆர் கோச் எண்டு கேக்கிறாங்கள். காய்ச்சலோடை தம்பிராசா முன்னுக்கு வந்து 'நான்தான்' எண்டவன். பிறகு என்ரை மாமனார் சாகுமட்டும் ஊர்காவற்றுறைச் சந்தையிலை கண்ட கண்ட இடத்திலை அவனை ஏசினவர். அவன் வாய் திறக்கேல்லை. நானும் திறக்கேல்லை. இனியாவது நீர் எழுதும்."

குசினிக்குள் இருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "என்ரை அப்பாவுக்கு எல்லாம் தெரியும்."

ஐயா திரும்பிப் பார்த்தார்.

"கலியாணத்துக்கு முந்தியே தெரியும். ஏழு கோலுக்கு ஆரையாவது ஏசாமல் அவராலை இருக்க ஏலாது. மருமகனை ஏச ஏலுமே? அதுதான் தம்பிராசா அண்ணையை ஏசினவர். அண்ணைக்கும் அது தெரியும்."

சொல்லிக்கொண்டே வெளியே வந்து தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.  நாற்பது வருடத்துக்கு மேலாக ஐயா ஒளித்து வைத்ததாக நினைத்தது அந்த வீட்டில் ஒளிந்தே இருக்கவில்லை. நானும் வந்தபோது இருந்ததைவிட அதிகமாகக் குழம்பினேன். ஆட்டத்தை நடத்தியவர் ஒருவர், பட்டம் பெற்றவர் இன்னொருவர், ஏச்சு வாங்கியவர் தெரிந்தே வாங்கியிருக்கிறார். என் வரிசையில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு பெயர்தான் எழுதலாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. திரும்பும் படகு நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள், அது அடிக்கடி மாறும். தண்ணீரும் தொப்பியும் கொண்டு போங்கள், தீவில் வாகனம் குறைவு. நாரந்தனையையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள். எனக்கு முதுகு இரண்டு நாள் நிமிரவில்லை.

இறங்குதுறையில் நின்று சுபா ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. காய்ச்சலையும் சொன்னேன், சந்தையையும் சொன்னேன்.  

"அப்ப அப்பா கோச் இல்லை," என்றார்.

"எனக்குத் தெரியேல்லை ரீச்சர். அந்தத் தோல்விக்கு வாயைத் திறந்து பொறுப்பெடுத்தது அவர் ஒருவர்தான்."

 பிறகு அழுகிற குரலா சிரிக்கிற குரலா என்று பிரிக்க முடியாத ஒரு குரலில் சொன்னார்:

"தலைமைப் பயிற்றுநர் எண்டே வெட்டச் சொல்லுறன். கீழை ஏழுக்குப் பூச்சியம் எண்டும் வெட்டச் சொல்லுறன். பூச்சியம் எங்கடை எண்டு விளங்கிற மாதிரி."